மேல்கோட்டை முதல் யாழ்ப்பாணம் வரை: பொன்முதுகு மரங்கொத்தியின் உருவமும் உள்ளினங்களும்

கர்நாடகத்தின் பழைய மைசூர்ப் பகுதியில், 1939ஆம் ஆண்டு மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட மண்டியா மாவட்டத்தின் வடபுறத்தில் எழும் பாறைக்குன்றுகளின் மேல் அமைந்திருக்கிறது மேல்கோட்டை. வைணவ மரபில் திருநாராயணபுரம் என்று போற்றப்படும் இத்தலம் இராமாநுசரோடும் வைரமுடிச் சேவையோடும் சேர்த்தே தமிழர் மனத்தில் இடம்பெற்றிருப்பதால், யோகநரசிம்மர் கோயில் குன்றைச் சுற்றிலும் விரிந்து கிடக்கும் புதர்க்காடும், ஓநாய்களைக் காப்பதற்கென 1974ஆம் ஆண்டு அங்கே அறிவிக்கப்பட்ட கானுயிர்ச் சரணாலயமும் வெளியூர்ப் பயணிகளின் கவனத்துக்கு அதிகம் வருவதில்லை. குன்றின் மேல் வறண்ட இலையுதிர் காடும் முட்புதரும் இருக்க, கீழே காவிரிக் கால்வாய்களால் செழித்த தென்னந்தோப்புகளும் கரும்புக் காடுகளும் பரந்திருக்கின்றன. முற்றிலும் வேறுபட்ட இவ்விரு நிலங்களிலும் தயக்கமின்றி வாழும் பறவைகள் சிலவே. அவற்றுள் கண்ணுக்கு மிக எளிதில் புலப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி.

இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும், சிந்து ஆற்றுச் சமவெளியிலிருந்து வங்கம் வரையிலும், இமயமலையடிவாரத்திலிருந்து இலங்கை வரையிலும் பரவியுள்ள இப்பறவை, ஊர்ப்புறத் தோப்புகளிலும் நகரத் தோட்டங்களிலும்கூடக் காணக்கூடியது. எல்லோரும் அறிந்த பறவை என்பதாலேயே அது எங்கும் ஒரே வடிவில்தான் இருக்கும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. உண்மையில் மேல்கோட்டையில் புளியமரத்தில் தொற்றி ஏறும் பொன்முதுகு மரங்கொத்தியையும், கராச்சியை அடுத்த வறண்ட நிலத்தில் வாழ்வதையும், கேரளத்தின் ஈரக்காட்டில் வாழ்வதையும், யாழ்ப்பாணத்துப் பனந்தோப்பில் வாழ்வதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதுகின் நிறம், தொண்டையின் புள்ளி, அலகின் நீளம் ஆகியவற்றில் ஒன்றுக்கொன்று வேறுபடுவது தெரியும். இந்த வேறுபாடுகள் தற்செயலாகச் சிதறிக் கிடப்பவையல்ல என்பதும், நிலத்தின் ஈரம், கடலின் ஏற்றஇறக்கம், அண்டை வாழும் பிற மரங்கொத்திகள் ஆகிய பலவற்றின் தடயங்கள் அவற்றில் பதிந்திருக்கின்றன என்பதும் பறவையியலாளர் கடந்த முந்நூறு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கண்டறிந்தவை.

முதலில் உருவத்தைப் பார்க்கலாம். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 26 முதல் 29 சென்டிமீட்டர் நீளமுடைய நடுத்தரப் பறவை இது. மைனாவைவிட ஓரளவு பெரியது. கழுத்துக்குக் கீழே தொடங்கும் மேல்முதுகும் இறக்கையின் உட்பகுதியும் பளபளக்கும் பொன்மஞ்சள் நிறம் கொண்டவை. ஆனால் அந்தப் பொன்னிறம் வால் வரை நீள்வதில்லை. கீழ்முதுகு, அதாவது இறக்கைகள் மூடியிருக்கும்போது பெரும்பாலும் மறைந்திருந்து, பறக்கும்போது வெளிப்படும் பகுதி, நல்ல கறுப்பு, வாலும் கறுப்பே. தோளையொட்டிய சிறு மூடிறகுகள், அதாவது இறக்கையின் நீண்ட பறப்பிறகுகளின் அடிப்பகுதியைப் போர்த்தியிருக்கும் சிற்றிறகுகள், கறுப்பில் வெண்புள்ளி இட்டவை. பறப்பிறகுகளிலும் கருமையின் மீது வெண்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. மார்பும் வயிறும் வெண்மை. ஆனால் அந்த வெண்மையின் மேல் ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் கருங்கோடு ஓடுவதால், மார்பு முழுவதும் செதில் செதிலாகத் தோற்றமளிக்கிறது. வயிற்றை நோக்கிச் செல்லச் செல்ல இக்கோடுகள் மெலிகின்றன.

அடையாளம் காண விரும்புவோர் முதலில் நோக்க வேண்டிய இடம் முகமும் தொண்டையுமாகும். வெண்ணிறக் கன்னத்தின் குறுக்கே கண்ணிலிருந்து தொடங்கும் கரும்பட்டை பின்னோக்கிச் சென்று கரிய பிடரியோடு சேர்கிறது. தொண்டை கறுப்பு, அந்தக் கறுப்பின் மேல் வெண்ணிறப் பொட்டுகளோ கீற்றுகளோ நெருங்கித் தெளித்திருக்கும். இந்தியாவில் முதுகு பொன்னிறமாயுள்ள மரங்கொத்திகள் பல உண்டு. அவற்றுள் கரிய தொண்டையும் கரிய கீழ்முதுகும் ஒருசேர அமைந்தது இது ஒன்றே. ஆணுக்கு நெற்றி முதல் உச்சி வரையிலும் கொண்டையிலும் செந்நிறம் படர்ந்திருக்கிறது. பெண்ணுக்கு நெற்றியும் முன்னுச்சியும் கறுப்பு, அதில் வெண்புள்ளிகள்; கொண்டையின் பின்பகுதி மட்டுமே சிவப்பு. இளம்பறவைகள் பெண்ணைப் போன்றிருந்து, ஒளி குன்றிய நிறத்தோடு காணப்படும்.

மரத்தில் ஏறும் வாழ்க்கைக்கேற்ற உறுப்பமைப்பும் உருவத்தின் பகுதியே. இரு விரல்கள் முன்னும் இரு விரல்கள் பின்னுமாக அமைந்த கால்கள் பட்டையைப் பற்றிக்கொள்ள, விறைத்த வாலிறகுகள் தண்டின் மேல் ஊன்றி மூன்றாவது காலாக உடலைத் தாங்குகின்றன. இப்பறவையில் பின்விரல்களுள் ஒன்று மிகச் சிறுத்துப்போயிருக்கிறது. இதன் நெருங்கிய உறவினமான, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் மூவிரல் மரங்கொத்தியில் அவ்விரல் முற்றிலும் மறைந்தேவிட்டது. நேரான, உளி போன்ற அலகால் பட்டையைப் பெயர்த்து, வெகுதொலைவு நீட்டக்கூடிய நாக்கால் எறும்புகளையும் வண்டுப் புழுக்களையும் கறையான்களையும் இது வெளியே இழுத்துத் தின்கிறது. பூந்தேனையும் உண்பதுண்டு. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு அலையலையாக எழுந்து தாழ்ந்து பறக்கும்போது எழுப்பும், குதிரைக் கனைப்பை ஒத்த உரத்த தொடர்குரல், பறவை தோப்பில் இருப்பதை நாம் பார்ப்பதற்கு முன்பே அறிவித்துவிடும்.

மேல்கோட்டை போன்ற தக்காணத்து வறண்ட காடுகளில் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு மரங்கொத்தி உண்டு. வெண்பிடரி மரங்கொத்தி எனப்படும் அதுவும் பொன்னிற இறக்கையும் கரிய கீழ்முதுகும் உடையதே. ஆனால் அதன் பிடரியிலிருந்து மேல்முதுகு வரை வெண்மை இறங்குவதாலும், அலகு பெரிதும் நீளமுமாக இருப்பதாலும், பெண்ணின் உச்சி மஞ்சளாக இருப்பதாலும் கூர்ந்து பார்ப்பவர் ஏமாறுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் சென்றால் பெரும் பொன்முதுகு மரங்கொத்தியும் சேர்ந்துகொள்கிறது. அதற்குக் கீழ்முதுகு சிவப்பு, தொண்டை வெண்மை, கன்னத்தில் அலகிலிருந்து இறங்கும் இரட்டை மீசைக்கோடு, வெளிறிய கண். இவ்வளவு வேறுபாடுகள் இருந்தும் தொலைவிலிருந்து பார்க்கும்போது இவை ஒன்றுபோலவே தோன்றுவது ஏன் என்ற கேள்விக்குப் பின்னர் வரவேண்டியிருக்கிறது.

கார்ல் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில் இப்பறவைக்கு வங்கத்தின் பெயரை இட்டார். இன்று அதன் அறிவியற்பெயர் டைனோபியம் பெங்காலென்ஸ். அவர் கண்ட மாதிரி வங்கத்திலிருந்து வந்ததாகையால், கங்கைச் சமவெளியில் வாழும் வடிவமே இவ்வினத்தின் முதல் உள்ளினமாகக் கொள்ளப்படுகிறது. உள்ளினம் என்பது, ஒரே இனத்துக்குள், குறிப்பிட்ட நிலப்பகுதியில் வாழ்ந்து, உருவத்தால் பிற பகுதியினின்று பிரித்தறியக்கூடிய பறவைத் தொகுதியைக் குறிக்கும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து இனம்பெருக்கக்கூடியவை. எல்லைப்புறங்களில் ஒன்று மற்றொன்றாகச் சிறிது சிறிதாக மாறிச் செல்வதும் உண்டு. ஆகவே, நிலப்படத்தில் கோடு கிழித்தாற்போல இவற்றின் எல்லையைக் காட்ட முனைவது பெரும்பாலும் பயனற்றது.

வடமேற்கில், பாகிஸ்தானிலும் அதையொட்டிய இந்தியப் பகுதிகளிலும் வாழும் உள்ளினத்தின் முதுகு வெளிறிய மஞ்சளாகவும், வயிறு சமவெளியினதைவிடத் தூய வெண்மையாகவும், கொண்டை நீண்டும் இருக்கின்றன. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்டு பிளைத் 1852ஆம் ஆண்டு இதற்குப் பெயரிட்டார். தெற்கே வந்தால், விந்தியத்துக்கு இப்பால் தக்காணம் முழுவதிலும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியிலும் பரவியிருப்பது, மெட்ஸ் நகரில் நீதிபதியாக இருந்துகொண்டே உலகின் மரங்கொத்திகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரஞ்சுக்காரரான ஆல்பிரட் மால்ஹெர்ப் 1845இல் விவரித்த பங்டிகோல் என்னும் உள்ளினமாகும். மேல்கோட்டைக் குன்றுகளில் வாழ்வது இதுவே. வங்கத்துப் பறவையின் தொண்டையில் வெண்மை கீற்றுகளாக ஓட, இதன் தொண்டையிலோ சிறு முக்கோணப் பொட்டுகளாக அது கறுப்பின் மேல் தெறித்திருக்கிறது. முதுகும் ஒளிமிக்க பொன்னிறம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்தின் ஈரம் மிகுந்த நிலத்துக்குள் இறங்கும்போது, பொன்னிறத்தோடு ஒலிவப் பச்சையின் சாயல் கலக்கிறது. தொண்டைப் பொட்டுகள் மேலும் நுண்ணியவையாகின்றன. இறக்கை மூடிறகுகளின் புள்ளிகள் மங்குகின்றன.

இந்தக் கடைசி வடிவம் பெயர்பெற்ற வரலாறு தனியே சொல்லத்தக்கது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளைத் திரட்டுவதற்காக ஆர்தர் வெர்னேயின் பொருளுதவியோடு 1929–30ஆம் ஆண்டுகளில் ஒரு பெரிய ஆய்வுப்பயணம் நடைபெற்றது. அதில் சேர்ந்த மாதிரிகளை, பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாகப் பணியாற்றிய ஹியூ விஸ்லரும், இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தைச் சேர்ந்த நார்மன் கின்னியரும் ஆராய்ந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். அதே காலத்தில், 1933ஆம் ஆண்டு, திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைச் சலீம் அலி ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தக் காட்டுப்பயணங்களில் அவருடைய மனைவி தெஹ்மினா உடன் சென்றார். கேரளத்து மரங்கொத்தி தனித்ததென்று 1934இல் முடிவுசெய்த விஸ்லரும் கின்னியரும் அதற்குத் தெஹ்மினே என்று பெயரிட்டார்கள். முகாம்களின் கடுமையைப் பகிர்ந்துகொண்ட ஒருவரின் நினைவு ஒரு பறவையின் பெயரில் நிலைத்தது என்பது, ஆண்களின் பெயர்களே நிறைந்த அன்றைய பறவையியலில் மனநிறைவு தரும் செய்தி. தெஹ்மினா 1939இல் காலமானார். அந்த ஆண்டிலேயே சலீம் அலி மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். விஸ்லரின் குறிப்புகளோடு 1942 முதல் வெளிவந்த அந்த ஆய்வுதான் மேல்கோட்டை உள்ளிட்ட பழைய மைசூர் நிலத்தின் பறவைகளைப் பற்றிய அடிப்படை ஆவணம்.

வடமேற்கின் வெளிறலிலிருந்து தென்மேற்கின் அடர்த்தி வரை நிறம் இவ்வாறு ஒரே திசையில் மாறிச் செல்வதற்குப் பறவையியலில் பழமையான ஒரு விளக்கம் இருக்கிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்த இடங்களில் வாழும் விலங்குகள், அதே இனத்தின் வறண்ட நிலத்து உறவினரைவிடக் கரிய நிறம் பெற முனைகின்றன என்று கான்ஸ்டன்டின் குளோகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1833இல் எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அவ்விதி வழங்குகிறது. காரணம் இதுவென்று உறுதியாகச் சொல்லிவிட முடியாவிட்டாலும், கருமைக்குக் காரணமான மெலனின் என்னும் நிறமி இறகைக் கெட்டிப்படுத்தி, ஈரத்தில் பெருகும் நுண்ணுயிரிகளால் அது சிதையாதபடி தடுக்கிறது என்பதும், இருண்ட காட்டில் இருண்ட உடல் எளிதில் மறைந்துகொள்ளும் என்பதும் ஆய்வாளர் முன்வைக்கும் காரணங்களுள் முக்கியமானவை. பொன்முதுகு மரங்கொத்தியைப் பொறுத்தவரை சிந்துவின் பாலைநிலத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இவ்விதி நன்கு விளக்குகிறது. மேல்கோட்டையோ, மேற்கு மலைகள் பருவமழையைத் தடுத்துவிடுவதால் மழை குறைந்துபோன மழைமறைவு நிலத்தில் இருக்கிறது. அங்கே வாழும் பறவை ஒலிவச் சாயலின்றிப் பளிச்சென்ற பொன்னிறத்தோடு காணப்படுவது இதனோடு பொருந்துகிறது. மேல்கோட்டைக்கும் கேரளத்துக்கும் இடையிலான நேர்த்தொலைவு அதிகமில்லை என்பதை நினைக்கும்போது, ஒரு மலைத்தொடர் ஒரு பறவையின் முதுகில் எவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்கிறது என்பது வியப்பூட்டுகிறது.

ஆனால் குளோகரின் விதி இலங்கையின் கரையில் போதாமல் போய்விடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடக்கிலும் வாழும் பறவை, தமிழ்நாட்டுப் பறவையைப் போலவே மஞ்சள் முதுகுடையது; அலகு மட்டும் சற்றுக் குறுகியது. ஊரின் பெயராலேயே அதற்கு ஜாஃப்னென்ஸ் என்று உள்ளினப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து தெற்கே சென்றால், தீவின் நடுப்பகுதி முதல் தென்கரை வரை அதே உடலமைப்பு, அதே கரிய தொண்டை, அதே செதில்மார்பு. ஆனால் முதுகோ அடர்ந்த செந்நிறம்! உடலின் கறுப்புக் குறிகளும் மேலும் கருத்து, மேலும் பரந்து காணப்படுகின்றன. சாரோடஸ் என்று 1793ஆம் ஆண்டிலேயே பெயர்பெற்ற இச்செம்முதுகு வடிவம் உலகில் வேறெங்கும் இல்லை.

மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை ஆகிய ஊர்களின் சுற்றுப்புறத்தில், தீவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும் ஒரு பட்டையில், செம்மஞ்சள் முதுகும் சிவப்போடு மஞ்சள் விரவிய முதுகும் கொண்ட பறவைகள் காணப்படுகின்றன. இரு வடிவங்களும் கலந்து பிறந்த கலப்பினப் பறவைகள் அவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தையும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர் சமிந்த பெர்னாண்டோ, டேரன் இர்வின், சம்பத் செனவிரத்ன ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நிறம், உடலளவு, மரபுப்பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து, செம்முதுகு மரங்கொத்தியைத் தனி இனமாகவே கொள்வதற்குச் சான்று இருக்கிறது என்று முடிவுகூறியது. இப்போது பல உலகப் பட்டியல்கள் அதை இலங்கைக்கே உரிய தனியினமாக வைத்திருக்கின்றன. கலப்பு நிகழ்கிறது என்பதனாலேயே இரண்டும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. கலப்புப் பறவைகள் ஒரு பட்டைக்குள் அடங்கி, வடக்கே மஞ்சளும் தெற்கே சிவப்பும் தம் இயல்பு கெடாமல் நீடிக்கின்றன என்றால், இரண்டையும் பிரித்து வைக்கும் ஏதோ ஒன்று தொடர்ந்து செயல்பட்டுவருகிறது என்று பொருள்.

இந்நிலை உருவான வரலாற்றுக்குக் கடலின் வரலாறு உதவுகிறது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், துருவங்களில் நீர் பனிக்கட்டியாக உறைந்துகிடந்ததால் உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் அப்போது ஒரே நிலம். அதற்கு முந்தைய பனியூழிகளிலும் இவ்வாறே நிலம் இணைந்தும் பிரிந்தும் வந்திருக்கிறது. முன்னொரு காலத்தில் தீவை அடைந்து, கடல் சூழ்ந்தபின் தனிமையில் நெடுங்காலம் வாழ்ந்த மரங்கொத்திகள் செந்நிறம் பெற்றன என்றும், பின்னர் வந்த நிலப்பாலத்தின் வழியாக மஞ்சள் முதுகுடையவை இரண்டாம் முறையாக வந்து வடக்கில் குடியேறின என்றும் கொள்வது இன்றைய பரவலை எளிதாக விளக்கும் கருத்து.

மஞ்சள் சிவப்பாவது பறவையின் உடலில் பெரிய மாற்றம் வேண்டும் செயலன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இவ்விரு நிறங்களும் கரோட்டினாய்டு எனப்படும் நிறமித் தொகுதியைச் சேர்ந்தவை. காரட்டுக்கும் முட்டைக்கருவுக்கும் நிறம் தருபவையும் இவையே. பறவைகள் கரோட்டினாய்டுகளைத் தாமே உண்டாக்க இயலாமையால் உணவிலிருந்தே பெறுகின்றன. பெரும்பாலும் மஞ்சள் நிறமிகளாகவே அவை உள்ளே வருகின்றன. அவற்றைச் சிவப்பு நிறமிகளாக மாற்றும் நொதி, அதாவது வேதிமாற்றத்தை நடத்தித்தரும் புரதம், எந்த மரபணுவால் உண்டாகிறது என்பதைச் செங்கனேரிப் பறவையிலும் வரிச்சில்லையிலும் செய்த ஆய்வுகள் 2016இல் காட்டின. மேல்கோட்டைப் பறவைக்கும் செங்கொண்டை இருக்கிறது. எனவே அந்த மாற்றத்தைச் செய்யும் திறன் அதன் உடலிலும் இருந்தாக வேண்டும். தலையில் மட்டும் நடப்பது இலங்கையின் தெற்கில் முதுகிலும் நடக்கிறது என்று கொண்டால், இரு வடிவங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி கண்ணுக்குத் தோன்றுவதைவிடச் சிறிதென்று கருத இடமுண்டு.

செம்முதுகுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இலங்கையின் ஈரக்காடுகளில் வாழும் பெரும் பொன்முதுகு மரங்கொத்தியின் உறவினமும், இந்தியாவிலுள்ள தன் இனத்தாரைப் போலப் பொன்னிறமாக இராமல், முதுகு முழுதும் செந்நிறமாக இருக்கிறது. சிறியதும் பெரியதும் இந்தியாவில் பொன்னிறம். இலங்கையின் தெற்கில் இரண்டும் செந்நிறம். இவை இரண்டும் ஒரே முன்னோரிடமிருந்து நிறத்தைப் பெற்றவையாக இருந்தால் வியப்பில்லை. ஆனால் மரபுப்பொருள் ஆய்வு அவை மரங்கொத்திக் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தவை என்று நிறுவியிருக்கிறது. பெரும் பொன்முதுகு மரங்கொத்திக்கு நெருங்கிய உறவு, அருகிலேயே வாழும் சிறிய பொன்முதுகு மரங்கொத்தியோடு இல்லை. தென் அமெரிக்கக் காடுகளிலும் அதன் வடக்கிலும் வாழும் கேம்பெபிலஸ் என்னும் பேரினத்துப் பெரிய மரங்கொத்திகளோடு இருக்கிறது. கடல்கடந்த உறவினரை விட்டுவிட்டு அண்டைவீட்டாரின் உடையை அணிந்துகொண்டிருக்கின்றன இவ்விரு பறவைகளும்.

தென் அமெரிக்காவிலும் இதே நிகழ்ச்சி நடந்திருக்கிறது என்பது இவ்விஷயத்தின் மிகச் செறிவான பகுதி. பிரேசிலின் தென்கிழக்கிலும் பராகுவே, அர்ஜென்டினா நாடுகளின் அண்டைப்பகுதிகளிலும் எஞ்சியிருக்கும் அட்லாண்டிக் காட்டில் செங்கொண்டையும் பட்டைபட்டையான கீழுடலும் கொண்ட மூன்று மரங்கொத்திகள் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்று கேம்பெபிலஸ் பேரினத்தது. இரண்டாவது டிரயோகோபஸ் பேரினத்தது. மூன்றாவது, உருவில் அவற்றைவிடச் சிறியதான தலைக்கவச மரங்கொத்தி. தோற்ற ஒற்றுமை காரணமாக இதையும் டிரயோகோபஸ் பேரினத்திலேயே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2015இல் வெளியான மரபுப்பொருள் ஆய்வு, அது சிறிய, பழுப்பு நிற மரங்கொத்திகள் அடங்கிய சீலியஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்று காட்டியது. சிறிய பறவை பெரியதன் தோற்றத்தைப் பெறுவதால், தொலைவிலிருந்து பார்க்கும் பிற பறவைகள் அதைப் பெரியதென்று தவறாகக் கொண்டு விலகிச் செல்லக்கூடும் என்றும், உணவுக்கான போட்டியில் அது சிறியதற்குச் சாதகமாகும் என்றும் யேல் பல்கலைக்கழகத்துப் பறவையியலாளர் ரிச்சர்டு பிரம் 2014இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். டைனோபியம் பேரினத்தையும் அவர் எடுத்துக்காட்டுகளுள் சேர்த்திருந்தார். எல்லா மரங்கொத்தி இனங்களையும் ஒருசேர ஆய்ந்து 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வும், ஒரே இடத்தில் வாழும் இனங்கள், தட்பவெப்பத்தாலும் உறவாலும் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட அதிகமாக ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்று கண்டது. குளோகர் சொன்னபடி ஈரநிலத்து மரங்கொத்திகள் கருத்திருக்கின்றன என்பதையும் அதே ஆய்வு உறுதிப்படுத்தியது. பிரம்மின் விளக்கம் முழுமையாக நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை; எனினும் இலங்கையின் இரட்டைச் செம்முதுகைப் பார்க்கும்போது, தட்பவெப்பத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது என்பதை மறுப்பது கடினம்.

நிலவழி மாறும் நிறத்தைப் புரிந்துகொள்வதிலும் தென் அமெரிக்கக் காடுகளே முன்னோடி. அமேசானில் நான்காண்டுகள் அலைந்து திரும்பிய ஆல்பிரட் ரசல் வாலஸ், 1852இல், பேராறுகளின் ஒரு கரையில் வாழும் குரங்கினங்கள் எதிர்க்கரையில் இல்லாமல், அங்கே அவற்றை ஒத்த வேறு இனங்கள் வாழ்வதை எடுத்துக்காட்டி, ஆறுகளே எல்லைகளாகின்றன என்றார். எண்ணெய் தேடும் நிலவியலாளராகப் பணியாற்றிய ஜூர்கன் ஹாஃபர், வறண்ட பழங்காலங்களில் காடு சிறு சிறு துண்டுகளாகச் சுருங்கியபோது ஒவ்வொரு துண்டிலும் ஒதுங்கிய பறவைகள் தனித்தனியே மாறின என்று 1969இல் வாதிட்டார். அமேசானின் டூக்கான் பறவைகளுள் ஒன்று, கிழக்கில் செம்மஞ்சள் தொண்டையும் மேற்கில் வெண்தொண்டையுமாக வேறுபட்டு, சந்திக்கும் இடங்களில் இடைப்பட்ட நிறங்களோடு காணப்படுவது இவ்வகை வாதங்களுக்கு முக்கியச் சான்றாக நின்றது. அங்கே ஆறும் சுருங்கிய காடும் செய்த வேலையைத் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே கடல் செய்திருக்கிறது. மைசூருக்கும் கேரளத்துக்கும் இடையே மலை செய்திருப்பது, அதைவிட மென்மையான, கோடு கிழிக்க முடியாத மாற்றம்.

இம்மாற்றத்தின் இடைநிலைகளைப் பதிவுசெய்வதற்கு மேல்கோட்டையும் அதைச் சுற்றிய பழைய மைசூர் நிலமும் ஏற்ற இடங்கள். விஸ்லரின் காலத்தில் உள்ளினங்களை வரையறுக்க, சுட்டு வீழ்த்தித் தோலுரித்துப் பதப்படுத்திய மாதிரிகளைக் காட்சியக இழுப்பறைகளில் வரிசையாக வைத்து ஒப்பிட்டார்கள். தோல் பழையதானால் கரோட்டினாய்டு நிறம் மங்கிவிடும் என்பதால் அந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. இன்று ஒரு நல்ல ஒளிப்படமே தொண்டைப் பொட்டின் வடிவத்தையும் முதுகின் சாயலையும் தெளிவாகக் காட்டிவிடுகிறது. மைசூரிலிருந்து மேற்கே குடகு நோக்கியும், தெற்கே வயநாடு நோக்கியும் செல்லும் வழிகளில், பொன் எங்கே ஒலிவமாகிறது, முக்கோணப் பொட்டு எங்கே நுண்புள்ளியாகிறது என்பதை, ஊர்ப் பெயரும் தேதியும் குறித்த படங்களைக் கொண்டு பறவை ஆர்வலர்களே வரைந்துவிட முடியும். படமெடுப்போர் பொதுவாக முதுகின் பளபளப்பையே தேடுவதால் தொண்டை நிழலில் மறைந்துபோகிறது. பறவை தலையை நிமிர்த்தும் கணத்துக்காகக் காத்திருப்பது ஆய்வுக்கு மிகுந்த பயன் தரும்.

இப்பறவைக்குத் தேவையானவை அதிகமில்லை. பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான காலத்தில், பட்டுப்போன கிளையிலோ, உள்ளே நைந்த தண்டிலோ, தென்னையிலோ பொந்து குடைந்து, பளபளக்கும் வெண்ணிற முட்டைகளைப் பெரும்பாலும் மூன்றாக இடுகிறது. ஏறத்தாழ பதினொரு நாளில் குஞ்சு பொரிந்து, மேலும் இருபது நாளில் கூட்டைவிட்டு வெளியேறுகிறது. அது விட்டுச்செல்லும் பொந்துகளில் தாமே குடையத் தெரியாத மைனா, கிளி, சிட்டாந்தை முதலியவை குடியேறுகின்றன. ஆகையால் மேல்கோட்டைக் குன்றின் கீழுள்ள சாலையோரத்துப் பழம்புளிகளிலும் ஆலமரங்களிலும் காய்ந்த கிளைகளை அழகுக்காக வெட்டிவிடாமல், ஆபத்தில்லாத இடங்களிலாவது விட்டுவைப்பது, மரங்கொத்திக்கும் அதை நம்பியிருக்கும் மற்றவற்றுக்கும் செய்யக்கூடிய மிக எளிய உதவி. தென்னந்தோப்பு உரிமையாளர்களும் தலையிழந்து நிற்கும் மரத்தை ஓரிரு ஆண்டுகள் நிற்கவிட்டால், அடுத்த இனப்பெருக்கப் பருவத்திலேயே அதில் புதிய பொந்தைக் காண வாய்ப்பிருக்கிறது.